ஹாஸ்கெலிலிருந்து ஓகாமலுக்கு: நிரல் மொழிமாறும்போது நிகழ்வது என்ன?

கணிப்பொறி செய்யவேண்டிய செயல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டளையிட்டு எழுதுவது நிரலாக்கத்தின் பரவலான முறை. அதற்கு மாறாக, உள்ளீட்டைப் பெற்று விளைவைத் தரும் கணிதச் சார்புகளை வரையறுத்து, அச்சார்புகளை ஒன்றோடொன்று கோத்து நிரலை அமைக்கும் மொழிகள் சார்புமுறை நிரலாக்க மொழிகள் எனப்படுகின்றன. இவற்றுள் கல்வித்துறையிலும் தொழில்துறையிலும் நிலைபெற்ற இரு மொழிகள் ஹாஸ்கெலும் ஓகாமலும் ஆகும். இரண்டும் ஒரே கணித அடிப்படையிலிருந்து கிளைத்தவை. இரண்டிலும் நிரலின் தோற்றம் பெரிதும் ஒத்திருக்கும். ஆகவே ஒன்றில் எழுதிய நிரலை மற்றொன்றுக்கு மாற்றுவது எழுத்துமாற்றம் போன்ற எளிய வேலை என்று தோன்றக்கூடும். ஆனால் ஒரு நிரலின் பொருள் அதன் எழுத்தில் மட்டும் தங்கியிருப்பதில்லை. எதை எப்போது கணக்கிடுவது, ஒரே குறி பல தரவினங்களுக்குப் பொதுவாக நிற்கும்போது எந்தச் செயலைத் தேர்வது, வெளியுலகைப் பாதிக்கும் செயல்களை எந்த வரிசையில் நிகழ்த்துவது என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு மொழியும் தானாகவே விடை வைத்திருக்கிறது. நிரலர் அவ்விடைகளை எழுதுவதில்லை, நம்பியிருக்கிறார். மொழிமாற்றம் என்பது, ஒரு மொழி எழுதாமலே வழங்கிய இந்த விடைகளை மற்றொரு மொழியில் வெளிப்படையாக எழுதிவைக்கும் பணியே ஆகும்.

பொது வேர்

இவ்விரு மொழிகளின் மூலம், அமெரிக்கக் கணித அறிஞர் அலோன்சோ சர்ச் 1930களில் உருவாக்கிய லாம்டா நுண்கணிதம் ஆகும். சார்பை வரையறுத்தல், சார்புக்கு உள்ளீட்டைத் தருதல் என்ற இரண்டே செயல்களைக் கொண்டு கணிக்கத்தக்க அனைத்தையும் எழுதிவிட முடியும் என்பதை அது காட்டியது. 1970களில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ராபின் மில்னரும் அவருடன் பணியாற்றியோரும் தேற்றங்களை மெய்ப்பிக்க உதவும் எல்.சி.எஃப். என்ற மென்பொருளுக்காக எம்.எல். என்ற மொழியை உருவாக்கினர். நிரலர் குறிப்பிடாமலே ஒவ்வொரு கோவையும் எண்ணா, சரமா, பட்டியலா என்ற தரவினத்தை உய்த்தறியும் முறை அதன் சிறப்பாகும். அந்த வழியில் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் கேமல் மொழியும், 1996இல் அதன் விரிவாக இன்று ஓகாமல் எனப்படும் மொழியும் வெளிவந்தன. மறுபுறம், 1987இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் நடந்த மாநாட்டில் கூடிய ஆய்வாளர்கள், தனித்தனியே வளர்ந்துவந்த பல மொழிகளுக்குப் பதிலாகப் பொதுவான ஒன்றை வகுக்க முடிவெடுத்தனர். அதன் விளைவாக ஹாஸ்கெல் மொழியின் முதல் வரையறை 1990இல் வெளியானது.

இந்த உறவினால் நிரலின் பெரும்பகுதி சிக்கலின்றி மாறிவிடும். ஓர் இருகிளை மரத்தை, அது வெறுமையாக இருக்கும் அல்லது ஒரு மதிப்பையும் இடக்கிளை, வலக்கிளை என்ற இரு மரங்களையும் கொண்டிருக்கும் என்று வரையறுப்பதும், அம்மரத்தின் உயரத்தை இவ்விரு நிலைகளுக்கும் தனித்தனியே சொல்லித் தற்சுழற்சியால் கணக்கிடுவதும் இரு மொழிகளிலும் வரிக்கு வரி ஒத்தவை. மாறுபடுவன குறியீடுகளும் சில சொற்களும் மட்டுமே.

இவ்வளவு ஒத்த நிரல்களிலும் மறைந்துள்ள வேறுபாட்டுக்குத் தொடர்பெருக்கம் நல்ல சான்று. 1 முதல் 20 வரையுள்ள எண்களின் பெருக்கம் 2432902008176640000 ஆகும். இரு மொழிகளும் இதே விடையைத் தரும். 21 வரை பெருக்கினால், எல்லையற்ற முழு எண்களைக் கையாளும் ஹாஸ்கெலின் இன்டிஜர் தரவினம் 51090942171709440000 என்ற சரியான விடையைத் தர, ஓகாமல் எவ்வித எச்சரிக்கையும் இன்றி ஓர் எதிர்ம எண்ணைத் தரும். 64 பிட் கணிப்பொறிகளில் ஓகாமலின் வழக்கமான முழு எண் 63 பிட் அகலமே உடையது என்பதும், அதன் மேல் எல்லை 4611686018427387903 என்பதும் இதற்குக் காரணம். எல்லையற்ற எண்களுக்கென ஓகாமலில் தனி நூலகம் உண்டு. மூலநிரல் அத்தகைய எண்களை நம்பியிருந்தது என்பதை மாற்றுபவர் உணர்ந்து அந்நூலகத்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

எப்போது கணக்கிடுவது?

இவ்விரு மொழிகளைப் பிரிக்கும் தலையாய வேறுபாடு கணக்கீட்டின் நேரம் பற்றியது. ஓகாமலில் ஒரு சார்பை அழைக்கும்போது அதற்கு அளிக்கப்படும் உள்ளீடுகள் யாவும் முதலில் கணக்கிடப்பட்டு, அதன் பின்னரே சார்பின் உடல் செயற்படத் தொடங்கும்; இது உடனடி மதிப்பீடு எனப்படும். ஹாஸ்கெலில் உள்ளீடு கணக்கிடப்படாமலே உள்ளே அனுப்பப்படுகிறது. அதன் மதிப்பு உண்மையாகவே தேவைப்படும் இடம் வரும்போது ஒருமுறை கணக்கிடப்பட்டு, விடை நினைவகத்தில் வைக்கப்பட்டு, அடுத்தடுத்த தேவைகளுக்கு அந்த விடையே பயன்படுத்தப்படும். தேவையே வராவிட்டால் அது கணக்கிடப்படுவதே இல்லை. இது சோம்பல் மதிப்பீடு என்று அழைக்கப்படுகிறது.

கோவைகளை எந்த வரிசையில் சுருக்கினாலும், சுருக்கல் முடிவுக்கு வருமாயின், கிடைக்கும் இறுதி வடிவம் ஒன்றே என்று சர்ச்சும் ஜே. பார்க்லி ராசரும் 1936இல் மெய்ப்பித்தனர். இரு மொழிகளும் பெரும்பாலான நிரல்களுக்கு ஒரே விடை தருவதற்கு இத்தேற்றமே அடிப்படை. ஆனால் சுருக்கல் முடிவுக்கு வரவேண்டும் என்ற நிபந்தனை நிறைவேறாத இடங்களில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. எடுத்துக்காட்டாக, ஹாஸ்கெலில் எல்லா இயல் எண்களையும் கொண்ட முடிவற்ற பட்டியலை வரையறுத்து, அதிலிருந்து முதல் பத்து எண்களை மட்டும் எடுக்கச் சொல்லலாம். அந்தப் பத்து உறுப்புகள் மட்டுமே உருவாக்கப்படும். அதே வரையறையை ஓகாமலில் சொல்லுக்குச் சொல் எழுதினால், பட்டியலை முழுமையாக உருவாக்கி முடித்த பின்னரே பத்து எண்களை எடுக்கும் சார்பு தொடங்க வேண்டும் என்பதால், நிரல் நினைவகம் தீரும்வரை ஓடி நின்றுபோகும்.

இந்த இரு மதிப்பீட்டு முறைகளின் உறவை 1975இல் எடின்பரோவின் கார்டன் பிளாட்கின் ஆராய்ந்து, உள்ளீட்டை முன்னரே கணக்கிடும் முறையையும் கணக்கிடாமல் அனுப்பும் முறையையும் ஒன்றில் மற்றொன்றாக நடத்திக்காட்டும் மொழிபெயர்ப்பு விதிகளை வகுத்தளித்தார். ஆகவே மாற்றம் கோட்பாட்டளவில் எப்போதும் இயலும். நடைமுறையில் ஓகாமல் அதற்கொரு கருவியையும் தருகிறது: ஒரு கோவைக்கு முன் உரிய சிறப்புச் சொல்லை இட்டால் அது கணக்கிடப்படாமல் ஒத்திவைத்த கணக்கீடாகச் சேமிக்கப்படும், அதைக் கட்டாயப்படுத்தும் சார்பை அழைக்கும்போது ஒருமுறை கணக்கிடப்பட்டு விடை நினைவில் வைக்கப்படும். ஹாஸ்கெல் நிரலின் ஒவ்வொரு கோவையையும் இவ்வாறு ஒத்திவைத்துவிட்டால் பொருள் மாறாது. ஆனால் அவ்வாறு பிறக்கும் நிரல் படிக்க இயலாததாகவும் மந்தமாகவும் இருக்கும். எந்த இடங்களில் மூலநிரல் சோம்பலை உண்மையாகவே நம்பியிருக்கிறது, எந்த இடங்களில் அது தற்செயலாக மட்டும் உள்ளது என்று பிரித்தறிவதே மாற்றுபவரின் அரிய பணி ஆகும்.

முடிவற்ற பட்டியல் போன்ற இடங்கள் நிரலை ஓட்டியவுடன் வெளிப்பட்டுவிடும். விடை மாறாமல் உழைப்பின் அளவு மட்டும் மாறும் இடங்களே கண்ணுக்குத் தப்புபவை. ஒற்றை உறுப்புகளிலிருந்து தொடங்கி இரண்டிரண்டாக இணைத்துச் செல்லும் இணைப்பு வரிசைப்படுத்தல் முறையில் 1024 எண்களை அடுக்கி, அவற்றுள் முதலாவதை மட்டும் கேட்பதாகக் கொள்வோம். சோம்பல் மதிப்பீட்டில், ஒவ்வோர் இணைப்பும் தன் முதல் உறுப்பைக் காட்டுவதற்குத் தேவையான ஒரே ஓர் ஒப்பீட்டை மட்டும் செய்யும் என்பதால் மொத்தம் 1023 ஒப்பீடுகள் போதும். உடனடி மதிப்பீட்டில் முழுப் பட்டியலும் வரிசைப்படுத்தப்பட்ட பின்னரே முதல் உறுப்பு எடுக்கப்படும். அதற்கு 9217 ஒப்பீடுகள் வரை ஆகலாம். ஒரு சார்பு விடைகளை உண்டாக்க, மற்றொன்று அவற்றுள் வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுக்க, இரண்டையும் தனித்தனியே எழுதிப் பின் வீண் உழைப்பின்றி இணைக்க முடிவதே சோம்பலின் தலையாய பயன் என்று ஜான் ஹியூஸ் 1989இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரையில் வாதிட்டார். ஓகாமலுக்கு மாற்றும்போது அந்த இணைப்பு தானாக வருவதில்லை. சிறுமத்தைக் காணும் சார்பைத் தனியே எழுதவேண்டும், அல்லது பட்டியலுக்குப் பதிலாக ஒத்திவைத்த தொடரைப் பயன்படுத்தவேண்டும்.

இதனினும் நுட்பமான எடுத்துக்காட்டு, கிறிஸ் ஒகாசாகி 1998இல் வெளியிட்ட தூய சார்புமுறைத் தரவமைப்புகள் பற்றிய நூலில் உள்ளது. முதலில் வந்தது முதலில் வெளியேறும் வரிசையை இரு பட்டியல்களால் அமைக்கலாம்: முன்பட்டியலிலிருந்து உறுப்புகள் எடுக்கப்படும், புதியவை பின்பட்டியலில் சேர்க்கப்படும், பின்பட்டியல் நீளத்தில் முன்பட்டியலை விஞ்சும்போது அது திருப்பப்பட்டு முன்பட்டியலின் இறுதியில் ஒட்டப்படும். திருப்புவது பெருஞ்செயலாயினும், அது பல சிறு செயல்களுக்கு ஒருமுறையே வருவதால் சராசரிச் செலவு மாறிலியாகவே இருக்கும். ஆனால் சார்புமுறை மொழிகளில் ஒரு தரவமைப்பை மாற்றிய பின்னும் அதன் பழைய வடிவம் அழியாமல் இருப்பதால், திருப்பலுக்குச் சற்று முந்தைய வடிவத்தை ஒருவர் மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். உடனடி மதிப்பீட்டில் அப்போது ஒவ்வொரு முறையும் முழுத் திருப்பலும் நிகழ்ந்து, சராசரிக் கணக்கு சிதைந்துபோகும். சோம்பல் மதிப்பீட்டில் திருப்பல் ஒத்திவைக்கப்படுகிறது. முன்பட்டியலின் உறுப்புகள் அனைத்தும் எடுக்கப்பட்ட பின்னரே அது தேவைப்படும் என்பதாலும், ஒருமுறை செய்த திருப்பலின் விடையை அதைப் பகிரும் எல்லா வடிவங்களும் பெறும் என்பதாலும் செலவு கட்டுக்குள் நிற்கிறது. ஹாஸ்கெலின் பட்டியல்களை ஓகாமலின் பட்டியல்களாக நேரே மாற்றியவர் எல்லாச் சோதனைகளிலும் சரியான விடையைப் பெறுவார். இழந்தது செலவு பற்றிய உறுதிமொழி என்பது பெருந்தரவு வரும் நாளில்தான் தெரியும். இயல்பாகவே உடனடி மதிப்பீட்டை உடைய மொழி சில தரவமைப்புகளுக்கும், சோம்பல் மதிப்பீட்டை உடைய மொழி வேறு சிலவற்றுக்கும் பொருந்துகின்றன என்பதை உணர்ந்த ஒகாசாகி, தம் நூலில் எம்.எல். மொழியையே ஒத்திவைக்கும் குறியீட்டுடன் விரித்துப் பயன்படுத்தினார்.

எதிர்த்திசைப் பயணம்

ஓகாமலிலிருந்து ஹாஸ்கெலுக்கு மாற்றும்போது இடர்கள் எதிர்ப்புறமாக எழுகின்றன. பத்து லட்சம் எண்களைக் கூட்டும் ஓகாமல் சார்பு, இதுவரையிலான கூட்டுத்தொகையை ஓர் உள்ளீடாகச் சுமந்துசென்று ஒவ்வொரு சுற்றிலும் புதுப்பிக்கும். அதற்குத் தேவையான நினைவகம் மிகச் சிறிது. அதே நிரல் ஹாஸ்கெலில், கூட்டுத்தொகை இன்னும் யாருக்கும் தேவைப்படவில்லை என்பதால், செய்யப்படாத கூட்டல்களின் நீண்ட சங்கிலியை நினைவகத்தில் வளர்த்துக்கொண்டே போகக்கூடும். தேவைப்படுவது உறுதியான உள்ளீடுகளை முன்கூட்டியே கண்டறிந்து உடனே கணக்கிடும் ஆற்றல் ஹாஸ்கெலின் கம்பைலர்களுக்கு உண்டெனினும், எல்லா இடங்களிலும் அதை நம்ப இயலாது. இந்த மதிப்பை இப்போதே கணக்கிடுக என்று நிரலர் குறித்துவிடுவதே பாதுகாப்பான வழி.

பிழை கையாளுதலிலும் இதே நேரச்சிக்கல் உண்டு. ஓகாமலில் பூச்சியத்தால் வகுக்கும் கோவையைப் பிழை பிடிக்கும் பகுதிக்குள் வைத்தால், பிழை அங்கேயே எழுந்து அங்கேயே பிடிபடும். ஹாஸ்கெலில் அக்கோவை கணக்கிடப்படாமலே அப்பகுதியைக் கடந்து வெளியேறி, பின்னர் வேறோர் இடத்தில் அதன் மதிப்பு தேவைப்படும்போது, பிடிப்பார் இல்லாத நிலையில் பிழையை எழுப்பலாம்.

எல்லாவற்றினும் பெரிய மாற்றத்தைக் கோருவன பக்க விளைவுகள், அதாவது திரையில் எழுதுதல், கோப்பைப் படித்தல், நினைவகத்தில் உள்ள மதிப்பை மாற்றுதல் போன்று விடையைத் தருவதற்கு அப்பால் நிகழும் செயல்கள். ஓகாமலில் எந்தச் சார்பும் இவற்றைச் செய்யலாம். அதன் தரவினத்தில் அதற்கான அடையாளம் எதுவும் இராது. ஒரு கோவை எப்போது கணக்கிடப்படும் என்றோ கணக்கிடப்படுமா என்றோ எளிதில் சொல்ல முடியாத ஹாஸ்கெலில் இந்தச் சுதந்திரம் பெருங்குழப்பத்தில் முடியும். எனவே, யூஜெனியோ மோஜி 1980களின் இறுதியில் வகுத்த மோனாட் என்ற கணிதக் கருத்தைப் பிலிப் வாட்லர் முதலியோர் நிரலாக்கத்துக்குக் கொணர, செயல்களின் வரிசையை வெளிப்படையாகக் கோக்கும் முறை ஹாஸ்கெலில் நிலைபெற்றது. அதன்படி, வெளியுலகைத் தொடும் சார்பு அதைத் தன் தரவினத்திலேயே அறிவித்தாக வேண்டும். அதை அழைக்கும் சார்பும், அந்தச் சார்பை அழைக்கும் மற்றொன்றும் அவ்வாறே அறிவிக்க வேண்டும். ஓகாமல் நிரலின் ஆழத்தில் உள்ள ஒரே ஓர் அச்சிடும் வரி, ஹாஸ்கெல் வடிவத்தில் பல சார்புகளின் தரவினங்களை மாற்றிவிடுவது இதனால்தான். மேலும், ஒரு சார்பின் பல உள்ளீடுகளுள் எது முதலில் கணக்கிடப்படும் என்பதை ஓகாமல் வரையறுப்பதில்லை. நடைமுறையில் பெரும்பாலும் வலமிருந்து இடமாக நிகழும் அந்த வரிசையை மூலநிரல் அறியாமல் நம்பியிருந்தால், மாற்றுபவர் அதைக் கண்டறிந்து உரிய வரிசையை எழுதவேண்டும்.

எந்தச் செயல்?

சமமா என்று ஒப்பிடும் குறி எண்களுக்கு ஒன்றாகவும் பட்டியல்களுக்கு வேறாகவும் செயற்பட வேண்டும். 1989இல் பிலிப் வாட்லரும் ஸ்டீபன் பிளாட்டும் இதற்கு இன வகுப்பு என்ற தீர்வை முன்வைத்தனர். ஒப்பிடத்தக்க தரவினங்கள், வரிசைப்படுத்தத்தக்க தரவினங்கள் என்று வகுப்புகளை அறிவித்து, ஒவ்வொரு தரவினமும் அவ்வகுப்பின் செயல்களை எவ்வாறு செய்யும் என்று ஒருமுறை சொல்லிவிட்டால், எஞ்சியதைக் கம்பைலர் கவனித்துக்கொள்ளும். அது உள்ளூரச் செய்வது எளியது: உரிய செயல்களின் தொகுப்பு ஒன்றை ஒவ்வொரு பொதுச் சார்புக்கும் மறைவான கூடுதல் உள்ளீடாக அனுப்புகிறது. ஓகாமலில் இன வகுப்புகள் இல்லாததால், இந்த மறைந்த உள்ளீட்டை மாற்றுபவர் கையாலேயே எழுதவேண்டும். செயல்களைத் தாங்கிய பதிவாகவோ, ஒரு தொகுதியை உள்ளீடாகப் பெற்று மற்றொரு தொகுதியை உருவாக்கும் ஃபங்டர் என்ற அமைப்பாகவோ அது வரலாம்.

இவ்விரண்டுக்கும் இடையிலான தேர்வு நிரலின் சரித்தன்மையையே தொடுகிறது. ஹாஸ்கெலில் ஒரு தரவினத்துக்கு ஒரு வகுப்பில் ஒரே ஒரு விளக்கமே இருக்கலாம் என்ற மரபு உண்டு. அதனால் இரு கணங்களைச் சேர்க்கும் சார்பு, இரண்டும் ஒரே வரிசைமுறைப்படி அடுக்கப்பட்டவை என்று நம்பலாம். ஒப்பீட்டுச் சார்பைப் பதிவாக அனுப்பும் ஓகாமல் வடிவத்தில், ஏறுவரிசையில் அடுக்கிய கணத்தையும் இறங்குவரிசையில் அடுக்கிய கணத்தையும் ஒருவர் தவறுதலாகச் சேர்க்கலாம். கம்பைலர் தடுக்காது, விடையோ பிழையாகும். ஃபங்டர் முறையில் ஒவ்வொரு வரிசைமுறைக்கும் கணத்தின் தரவினமே வேறாகிவிடுவதால் அத்தவறு தொடக்கத்திலேயே பிடிபடும். ஓகாமலின் அடிப்படை நூலகம் கணங்களை இம்முறையில் தருவது இந்த நன்மை கருதியே. ஹாஸ்கெலின் மரபு காத்துநின்ற ஒழுங்கை ஓகாமலில் தரவினங்கள் காக்கும்படி செய்வதே நல்ல மாற்றத்தின் இலக்கணம்.

இயந்திரத்தின் பங்கும் மெய்ப்பின் பங்கும்

இத்தகைய மாற்றத்தை இயந்திரமே செய்துவிட முடியுமா என்ற கேள்விக்குத் தெளிவான விடை, தேற்றங்களை மெய்ப்பிக்க உதவும் காக் என்ற கருவியில் கிடைக்கிறது. பிரான்சில் உருவாகி அண்மையில் ராக் எனப் பெயர்மாறிய இக்கருவியில் எழுதப்படும் ஒவ்வொரு சார்பும் முடிவுக்கு வந்தே தீரும் என்பது முதலில் உறுதிசெய்யப்பட வேண்டும். இந்நிலையில் சர்ச்சும் ராசரும் காட்டிய தேற்றத்தின் நிபந்தனை எப்போதும் நிறைவேறுகிறது. எந்த வரிசையில் கணக்கிட்டாலும் விடை ஒன்றே. அதனால்தான் ஒரே மூலத்திலிருந்து உடனடி மதிப்பீடு செய்யும் ஓகாமல் நிரலையும் சோம்பல் மதிப்பீடு செய்யும் ஹாஸ்கெல் நிரலையும் அக்கருவி தானாகவே பிரித்தெடுத்துத் தருகிறது. முடிவற்ற தொடர்களைக் குறிக்கும் தரவினங்களுக்கு மட்டும், ஓகாமல் வடிவில் ஒத்திவைக்கும் உறையை அது தானே சேர்த்துவிடுகிறது. சேவியர் லெரோய் தலைமையில் இன்ரியாவில் உருவான காம்ப்செர்ட் என்ற சி மொழிக் கம்பைலர், காக்கில் எழுதிச் சரியென மெய்ப்பிக்கப்பட்டு, இவ்வழியில் ஓகாமலாகப் பிரித்தெடுக்கப்பட்டு இயங்குகிறது. எதிர்த்திசையில், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கருவி ஹாஸ்கெல் நிரலைக் காக் நிரலாக மாற்றுகிறது. அதைக் கொண்டு ஹாஸ்கெலில் பரவலாகப் பயன்படும் கண நூலகத்தின் பகுதிகள் மெய்ப்பிக்கப்பட்டன. எனினும், சிக்கலான தற்சுழற்சி முடிவுக்கு வரும் என்பதை அங்கே மனிதரே எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. ஹாஸ்கெல் கேட்காத அந்தக் கேள்வியைக் காக் கேட்பதே காரணம்.

மெய்ப்புக்கு இடமில்லாத அன்றாடப் பணியில், 2000இல் கோயன் கிளாசனும் ஜான் ஹியூஸும் அறிமுகப்படுத்திய குவிக்செக் முறை துணைநிற்கிறது. சார்பு நிறைவேற்ற வேண்டிய பண்புகளை எழுதிவைத்தால், கருவி தற்போக்கு உள்ளீடுகளை உருவாக்கி அப்பண்புகளைச் சோதிக்கும். பழைய நிரலும் புதிய நிரலும் ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடை தருகின்றனவா என்பதையே ஒரு பண்பாகக் கொள்ளலாம். ஆனால் விடைகளின் ஒப்பீடு மட்டும் போதாது என்பதை ஒகாசாகியின் வரிசை காட்டுகிறது. எண்களின் எல்லையைத் தொடும் உள்ளீடுகள், மிகப் பெரிய தரவு, விடையின் ஒரு பகுதியை மட்டும் கேட்கும் அழைப்புகள், பழைய வடிவங்களை மீண்டும் பயன்படுத்தும் வரிசைகள், பிழை எழும் நிலைகள் ஆகியவற்றில் நேரத்தையும் நினைவகத்தையும் அளந்து பார்த்தாலன்றி, மாற்றம் முழுமையானது என்று கூற இயலாது.

ஒரு நிரலை மாற்றுவதற்கு ஆகும் உழைப்பு, அதன் நீளத்தைக் காட்டிலும், மூலமொழியின் சொல்லப்படாத வழக்கங்களை அது எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பதையே பொறுத்தது. முடிவுக்கு வருவது உறுதியான, பக்க விளைவற்ற, எண்ணின் எல்லையையும் வரிசைமுறையையும் தெளிவாகச் சொல்லும் நிரலை இயந்திரமே மாற்றித்தரும். மற்றவற்றுக்கு மனிதரின் உய்த்தறிவு தேவை. ஆகவே மொழிமாற்றத்தில் ஈடுபடுபவர் கண்டறியும் ஒவ்வொரு மறைந்த வழக்கத்தையும் புதிய நிரலில் தரவினமாகவோ பண்பாகவோ குறிப்பாகவோ எழுதிவைப்பாராயின், இலக்கு மொழிக்கு வந்து சேரும் நிரல் மூலத்தைக் காட்டிலும் தெளிவானதாக இருக்கும். அடுத்து அதைத் திருத்தவோ வேறொரு மொழிக்குக் கொண்டுசெல்லவோ வருபவர் அதே தேடலை மீண்டும் தொடங்க வேண்டியதும் இராது.